தன் இறகைத் தானே பிடுங்கும் கிளி

இறகு உதிர்வது வேறு, இறகைப் பிடுங்குவது வேறு. பழைய இறகு கழன்று விழுவதும், அதே குழியிலிருந்து புதியது முளைத்தெழுவதும் எல்லாப் பறவைகளுக்கும் இயல்பு. அவ்வாறு உதிரும்போது ஒன்றிரண்டாக உதிருமேயன்றி, உடல் வெறுமையாகிவிடாது. கூண்டுக் கிளி ஒன்றின் மார்பும் தொடையும் சிறகின் அடிப்புறமும் தோல் வெளிறித் தெரிய, தலை மட்டும் பசுமை குன்றாமல் பளபளப்பதைக் கண்டால், அது உதிர்வன்று என்று அறிந்துகொள்ளலாம். அலகு எட்டிய இடமெங்கும் அக்கிளி தன்னைத் தானே பறித்துக்கொண்டிருக்கிறது. தலையை அதன் அலகு எட்டாது. ஆகவே தலை தப்பியது. தலையிலும் இறகு போயிருந்தால், வேறொரு பறவை பிடுங்கியிருக்க வேண்டும், அல்லது வேறு நோய் இருக்க வேண்டும் என்று கால்நடை மருத்துவர்கள் பிரித்தறிகின்றனர்.

காட்டில் திரியும் கிளிகளிடம் இப்பழக்கம் ஏறத்தாழ இல்லை என்றே கூறலாம். கூண்டில் வளரும் கிளிகளிலோ பத்தில் ஒன்று அளவுக்கு இது காணப்படுவதாக மதிப்பிடுகின்றனர். புதிதாக முளைக்கும் இறகின் தண்டில் குருதி ஓடுகிறது. அதைப் பிடுங்கினால் வலிக்கும், குருதி கசியும். அவ்வாறு இருந்தும் கிளி பிடுங்குகிறது. சில கிளிகள் இறகோடு நில்லாமல் தோலையும் தசையையும் கடித்துப் புண்ணாக்கிக்கொள்கின்றன.

இத்தகைய கிளிகளுள் பல கொடியவர் கையில் வாழ்பவை அல்ல என்பதுதான் நம்மைச் சிந்திக்க வைக்கிறது. கொய்யாவும் பச்சை மிளகாயும் தந்து, பெயரிட்டு அழைத்து, வீட்டுப் பிள்ளைக்கு நிகராகக் கொஞ்சுபவர்களின் கிளிகள் அவை. அன்பு குறைந்ததால் ஓர் உயிர் வாடுகிறது என்றால் நமக்கு எளிதில் விளங்கும். அன்பின் நடுவிலேயே இருந்துகொண்டு ஓர் உயிர் தன்னைச் சிறிது சிறிதாகப் பறித்துக்கொள்கிறது என்றால், அந்த அன்பைக் குறித்து நாம் என்ன சொல்வது?

தர்மபுரி மாவட்டத்தாராகிய நமக்குக் கிளி அந்நியமன்று. சோளமும் கம்பும் கதிர் முற்றும் நாள்களில் கூட்டங்கூட்டமாக வந்திறங்கும் பச்சைக் கிளிகளை, பரண்மேல் நின்று தகரத்தைத் தட்டியும் கவண் வீசியும் விரட்டியவர்கள் நம் முன்னோர். இது நேற்றுத் தோன்றிய வேலையன்று. சங்க இலக்கியத்தின் குறிஞ்சித் தலைவிக்குத் தினைப்புனத்தில் கிளி கடிவதே தொழில். அதற்கென்று தட்டை, குளிர், தழல் என்று கருவிகளையும் வைத்திருந்தனர். கதிரைக் கொய்து தின்னும் கிளிமேல் உழவனுக்கு அன்பு கிடையாது. கிளிக்கும் உழவன்மேல் அன்பு கிடையாது. ஆயினும் அந்தப் பகையில் ஒரு நேர்மை இருந்தது. உழவன் தன் தானியத்தைக் காத்தான், கிளி தன் வானத்தை வைத்திருந்தது. மாலையில் கூச்சலிட்டுக்கொண்டு ஒன்றாக அடையும் மரத்துக்கு அது திரும்பிப் போயிற்று. கல்லெறிந்து விரட்டியவளால் கிளிக்கு நேராத தீங்கு, ஊட்டி வளர்த்தவளால் நேர்கிறது. கசப்பான உண்மைதான். ஆனால் உண்மை.

வீட்டுக்குக் கிளி எவ்வாறு வருகிறது? தை பிறந்து கோடை முற்றுவதற்குள் பச்சைக் கிளிகள் மரப்பொந்துகளில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன. பட்டுப்போன தென்னையின் உச்சியும் பழைய புளியமரத்தின் பொந்தும் அவற்றுக்குப் போதும். கண் திறந்தும் திறவாமலும் இருக்கும் குஞ்சுகளை அங்கிருந்து எடுக்கிறார்கள். எடுத்தவற்றுள் பல, வழியிலேயே மடிந்துபோகின்றன. பிழைத்தது ஒரு கூண்டை அடைகிறது. சிறகின் நீண்ட இறகுகளைக் கத்தரிக்கிறார்கள். கூண்டுக்குள் இருக்கும் கிளி இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடும். அதாவது, ஒரு குழந்தை பிறந்து, படித்து, மணமாகிப் போகும் காலம் முழுவதும்.

ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். அது பென்னாகரம் பக்கமோ அரூர் பக்கமோ, எங்கு வேண்டுமானாலும் இருக்கட்டும். மகனும் மருமகளும் பெங்களூருவில் கட்டட வேலைக்குப் போயிருக்கிறார்கள். மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாள். திண்ணையில் ஒரு மூதாட்டி. உத்தரத்திலிருந்து தொங்கும் கூண்டில் ஒரு கிளி. விடிந்ததும் அவரை அழைப்பது அக்கிளிதான். யாராவது படியேறினால் முதலில் அறிவிப்பதும் அதுதான். அவர் உண்ணும்போது அதற்கும் ஒரு பிடி. இப்போது அக்கிளியின் மார்பு வெறுமையாகிக்கொண்டு வருகிறது. அவர் வேப்பெண்ணெய் தடவிப் பார்க்கிறார், மஞ்சள் பூசிப் பார்க்கிறார், கண்ணேறு பட்டிருக்குமோ என்று சுற்றிப் போட்டும் பார்க்கிறார். இறகில் எண்ணெய் பூசுவது கேடு என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. எண்ணெய் படிந்த இறகு உடல் வெப்பத்தைக் காக்கும் ஆற்றலை இழக்கிறது. கிளியோ அந்த எண்ணெயைத் துடைக்கவென்றே மேலும் கோதுகிறது.

'சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை' என்று பொருள் உணராமல் பேசுபவரைப் பழிக்கிறோம். கிளிக்கு இதில் நாம் இழைத்த அநீதி சிறிதன்று. வெனிசுவேலா நாட்டில் வாழும் ஒரு சிறு கிளியினத்தை ஆராய்ந்த கார்ல் பெர்க் என்பவரும் அவருடைய தோழர்களும் 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு வியப்புக்குரியது. தாயும் தந்தையும் கூட்டிலுள்ள ஒவ்வொரு குஞ்சையும் தனித்தனி ஒலியால் அழைக்கின்றன. குஞ்சு அவ்வொலியைக் கற்றுச் சற்றே மாற்றித் தன் அடையாளமாக்கிக்கொள்கிறது. நாம் பிள்ளைக்குப் பெயரிடுவதைப் போன்றதே இது. கூட்டமாக வாழும் உயிருக்குக் குரல் என்பது 'நான் இங்கே இருக்கிறேன், நீ எங்கே?' என்னும் கேள்வி. தன் இனமே இல்லாத வீட்டில் அக்கேள்வியை யாரிடம் கேட்பது? அங்கிருக்கும் மனிதரிடம், மனிதர் மொழியில் கேட்கிறது. கிளி 'அம்மா' என்று அழைப்பதை நாம் வேடிக்கையாகக் கேட்டுச் சிரிக்கிறோம். அது தன் கூட்டத்தைக் கூப்பிடும் குரல் என்று அறிந்தபின் அந்தச் சிரிப்பு முன்போல் வருவதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. இறகு பிடுங்கும் கிளியெல்லாம் மனத்துயரால்தான் பிடுங்குகிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. தோலில் தொற்று, உண்ணிகள், கல்லீரல் நோய், வைரஸ் என்று உடலைச் சார்ந்த காரணங்கள் பல. சூரியகாந்தி விதையும் நெல்லுமே உணவாகத் தந்தால் வைட்டமின் ஏ குறைந்து தோல் வறண்டு அரிக்கும். கூண்டுக் கம்பியின் துத்தநாகப் பூச்சையும் பழைய வண்ணப் பூச்சிலுள்ள ஈயத்தையும் கொறித்து நஞ்சேறிய கிளிகள் உண்டு. அடுப்புப் புகையும் பீடிப் புகையும் அவற்றின் மெல்லிய சுவாச உறுப்புகளுக்கு ஒவ்வா. ஆகவே மருத்துவரிடம் காட்டுவதே முதற்கடமை. நம் பகுதியினருக்கு நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி எட்டாத தொலைவன்று. காரணம் உடலில் இருக்க, 'பாவம், தனிமையில் ஏங்குகிறது' என்று கவிதை பேசிக்கொண்டிருப்பதும் ஒருவகைக் கொடுமையே.

உடலில் குற்றமில்லை என்று தெளிந்தபின்னரே கடினமான வினா எழுகிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2003ஆம் ஆண்டில் வெளிவந்தது. அமேசான் கிளிக் குஞ்சுகள் சிலவற்றை வழக்கமான வெறுங்கூண்டில் வைத்தனர். வேறு சிலவற்றுக்கு, தேடியும் கிழித்தும் உடைத்தும் உணவை எடுக்க வேண்டிய ஏற்பாடுகளையும், ஏறித் தொங்கப் பல்வகைக் கொப்புகளையும் தந்தனர். வெறுங்கூண்டுக் கிளிகள் காலப்போக்கில் இறகைக் கெடுத்துக்கொண்டன. மற்றவை அவ்வாறு செய்யவில்லை. பின்னர் வெறுங்கூண்டுக் கிளிகளுக்கும் அதே வசதிகளை அளித்தபோது அவற்றின் இறகு நிலை சீரடைந்தது. 2021ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வு, ஐம்பது இனங்களைச் சேர்ந்த 1,378 வளர்ப்புக் கிளிகளைப் பற்றிய செய்திகளைத் தொகுத்துப் பார்த்தது. உடைத்து உரித்துப் பாடுபட்டு உண்ண வேண்டிய உணவை இயற்கையில் நம்பி வாழும் இனங்களே கூண்டில் இறகை அதிகம் கெடுத்துக்கொள்கின்றன என்பது அதன் முடிவு.

இதை நாம் நிதானமாக உள்வாங்க வேண்டும். கிளிக்கு நாம் செய்யும் பேருபகாரம் என்று எதை எண்ணுகிறோம்? உழைப்பின்றி உணவு தருவதை. பழத்தை நறுக்கி, விதையை நீக்கி, கிண்ணத்தில் வைக்கிறோம். நாளில் பல மணி நேரம் பறந்து, தேடி, காலால் பற்றி, அலகால் உரித்து உண்பதற்கென்று அமைந்த உடலும் அறிவும் சில நிமிடத்தில் உண்டு முடித்துவிடுகின்றன. மிச்சமிருக்கும் பகல் முழுவதும் அந்த அலகு என்ன செய்யும்? உரிப்பதற்கென்றே படைக்கப்பட்ட அலகுக்கு உரிக்கக் கிடைப்பது தன் உடல் ஒன்றுதான். நாம் கருணை என்று நினைத்துப் பறித்துக்கொண்டது அதன் வேலையை. வேலையற்றுப் போன மனிதன் எவ்வாறு தன்னையே தின்கிறான் என்பதை அறிந்த ஊர்க்காரர்களுக்கு இதை விரித்துரைக்கத் தேவையில்லை.

நாமக்கல்லைச் சொன்னபோது அவ்வூரின் கோழிப் பண்ணைகளும் நினைவுக்கு வருகின்றன. நெருக்கமான கூண்டுகளில் வளரும் முட்டைக்கோழிகள் ஒன்றையொன்று கொத்தி இறகைப் பறிக்கும், சில வேளைகளில் கொன்றும்விடும். இதற்குப் பண்ணைத் தொழில் கண்ட தீர்வு அலகு வெட்டுதல். குஞ்சுப் பருவத்திலேயே சூடேறிய தகட்டால் அலகின் நுனியை நீக்கிவிடுகின்றனர். கொத்தல் குறைகிறது. கூண்டு அப்படியே இருக்கிறது. கிளிக்கும் இதே வகையான மருத்துவம் உண்டு. கழுத்தில் வட்டமாக ஒரு பட்டை கட்டினால் அலகு உடலை எட்டாது. புண் ஆறும்வரை அது தேவைப்படலாம் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் அதனோடு நின்றுவிட்டால், கிளி சொல்லவந்த செய்தியின் வாயைக் கட்டிவிட்டோம் என்பதே பொருள். கூண்டுக்கு ஏற்பப் பறவையைத் திருத்துவதா, பறவைக்கு ஏற்பக் கூண்டைக் கேள்வி கேட்பதா? ஐரோப்பிய நாடுகள் கோழியைப் பொறுத்தவரை பழைய வெறுங்கூண்டுகளை 2012ஆம் ஆண்டு முதல் தடை செய்தன. முட்டை தின்னும் நாம் இதைச் சொல்லத் தகுதியுடையவர்களா என்று ஒரு வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு இன்னொரு கட்டுரை வேண்டும்.

விலங்குகளை வதைத்தல் ஏன் தவறு என்பதற்குப் பழைய மெய்யியலார் கூறிய விடை ஒன்றுண்டு. புனித தோமா அக்குவினார் பதின்மூன்றாம் நூற்றாண்டில் அதை வகுத்துரைத்தார். விலங்கை வதைக்கப் பழகியவன் மனிதரையும் வதைப்பான், அதனால் அது தகாது என்பது அதன் சாரம். பதினெட்டாம் நூற்றாண்டில் இம்மானுவேல் காண்டும் ஏறத்தாழ இவ்வழியே சென்றார். விலங்குக்குச் செய்யும் கொடுமை மனித நெஞ்சை மரத்துப்போகச் செய்யும் என்றார் அவர். இருவர் கூற்றிலும் தவறு சென்று சேரும் இடம் மனிதனே. விலங்கு வெறும் வழிதான். கல்லெறியும் சிறுவனையும் மாட்டின் வாலை முறுக்கும் வண்டிக்காரனையும் கண்டிக்க இவ்விடை போதும்.

ஆனால் நம் திண்ணை மூதாட்டியிடம் இவ்விடை செல்லுபடியாகாது. அவர் நெஞ்சு மரத்துப்போகவில்லை. அந்தக் கிளியை வளர்த்ததால் அது மென்மையே அடைந்தது. அண்டை வீட்டுப் பிள்ளைக்கும் அவர் அதே இரக்கத்தோடு சோறு போடுவார். மனித நெஞ்சின் கணக்கை மட்டும் பார்த்தால் இங்கே குற்றமே இல்லை, ஆதாயமே உண்டு. ஆயினும் கூண்டுக்குள் ஒரு தீமை நடந்துகொண்டிருக்கிறது என்பதை வெறும் தோலைக் காணும் எவரும் மறுக்க மாட்டார். அப்படியானால் அத்தீமை குடியிருக்கும் இடம் வளர்ப்பவரின் நெஞ்சன்று, கிளியின் வாழ்வு. அக்கிளிக்கென்று ஒரு நன்மை இருக்கிறது. அது நம் நன்மையின் நிழலன்று. 1992ஆம் ஆண்டில் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், விலங்குகளுக்கு நாம் பரிவு காட்டக் கடமைப்பட்டிருக்கிறோம் என்று கூறுவதும், 2015ஆம் ஆண்டில் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட சுற்றுமடல் ஒவ்வோர் உயிருக்கும் தனக்கே உரிய மதிப்பு உண்டு என்று வற்புறுத்துவதும் இத்திசை நோக்கிய நகர்வுகள் எனலாம். அக்குவினாரின் வாதத்தை இவை மறுக்கவில்லை. அதில் விடுபட்டிருந்த இடத்தை நிரப்புகின்றன என்பதே நம் கருத்து.

நல்லெண்ணம் இருந்தால் போதும் என்னும் நம்பிக்கை நம்மிடையே ஆழமாக வேரூன்றியது. 'அவர் மனசு நல்ல மனசு' என்று சொல்லிப் பலவற்றை மன்னித்துவிடுகிறோம். கிளியின் மார்பு இந்த நம்பிக்கைக்கு எதிரான சாட்சி. ஓர் உயிரை நேசிப்பது என்பது, அது எதனால் வாழ்கிறது என்று கற்றுக்கொள்ளும் உழைப்பையும் உள்ளடக்கியது. கிளி எவ்வளவு நேரம் உறங்க வேண்டும்? இருளும் அமைதியும் உள்ள இடத்தில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வேண்டும். நள்ளிரவுவரை தொலைக்காட்சி ஓடும் கூடத்தில் அதைத் தொங்கவிட்டவருக்கு இது தெரியாது. அவர் கேட்டதில்லை. தம் மகிழ்ச்சிக்கு அது என்ன செய்கிறது என்பதை மட்டுமே அவர் அறிந்திருக்கிறார். பிள்ளைகள் வேண்டாம் என்று சொன்ன படிப்பையும் வேண்டாம் என்று சொன்ன வரனையும் அன்பின் பெயரால் திணித்த பெற்றோர் இவ்விடத்தில் சற்று நின்று யோசிக்கலாம். அதற்குமேல் இந்த ஒப்புமையை நீட்ட நாம் விரும்பவில்லை. கிளி கிளியாகவே இருக்கட்டும்.

மழை பொய்த்தால் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் பிழைக்கப் போகும் மாவட்டம் இது. பெண் சிசுக்கொலைக்காக நாடெங்கும் பேசப்பட்டதும் இதே மாவட்டம்தான். இங்கே அமர்ந்து கிளியின் இறகைப் பற்றிக் கவலைப்படுவது பொருத்தமா? இந்த மறுப்பை நாம் ஒதுக்கிவிட முடியாது. மனிதருக்கு மட்டுமே உரிய பாசத்தை விலங்கின்மேல் கொட்டுவது முறையன்று என்று மேற்கூறிய மறைக்கல்வி நூலும் எச்சரிக்கிறது. ஆனால் கூண்டிலுள்ள கிளிக்கு மனிதரிடமிருந்து எதையும் பறித்துத் தரவேண்டியதில்லை. அதனிடமிருந்து பறித்ததைத் திருப்பித் தந்தால் போதும். மேலும், நம் எடுத்துக்காட்டில் கிளியின் துயரமும் மூதாட்டியின் துயரமும் இரண்டல்ல. கிளி கூட்டத்தைப் பிரிந்தது. அவரும் பிரிந்தவர். அவருடைய கூட்டம் பெங்களூருவுக்கும் திருப்பூருக்கும் போய்விட்டதால்தான் கிளி திண்ணைக்கு வந்தது. ஓர் உயிரின் தனிமையை நீக்க இன்னோர் உயிரைத் தனிமைப்படுத்தலாமா என்பதே இங்கு உண்மையான வினா. கூடாது என்பதே நம் விடை. ஆனால் அவ்விடையைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவது நமக்கு எளிது, அவருக்கு எளிதன்று.

சட்டம் தன் பங்குக்கு ஐயமின்றிப் பேசியிருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டுப் பச்சைக் கிளிகளைப் பிடிப்பதையும் விற்பதையும் கூண்டில் வைத்திருப்பதையும் குற்றமாக்குகிறது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின்னும் அவை பாதுகாக்கப்பட்ட உயிர்களே. வெளிநாட்டுக் கிளிகள் வேறு. அவற்றுள் பன்னாட்டு உடன்படிக்கைப் பட்டியலில் உள்ளவற்றை வைத்திருப்போர் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். ஆனால் இறகு பிடுங்கும் துன்பத்தில் உள்நாடு வெளிநாடு என்ற பிரிவு இல்லை. விலை கொடுத்து வாங்கும் சாம்பல்நிற ஆப்பிரிக்கக் கிளிதான் இதில் பெயர்பெற்றது. 2015ஆம் ஆண்டில் தில்லி உயர் நீதிமன்றம், வானில் பறப்பது பறவைகளின் அடிப்படை உரிமை என்றே குறிப்பிட்டது. 2023 பிப்ரவரியில் சென்னையில் ஒரு திரைப்பட நடிகரின் வீட்டிலிருந்து இரண்டு பெரிய பச்சைக் கிளிகளை வனத்துறையினர் மீட்டு, இரண்டரை இலட்சம் ரூபாய் தண்டம் விதித்தனர். 2024ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலின்போது கடலூரில் ஒரு வேட்பாளருக்கு வெற்றி என்று சீட்டெடுத்துக் கொடுத்த கிளி, தன் சோதிடருக்குத் தோல்வியையே தேடித் தந்தது. கிளிகள் பறிமுதலாயின, சோதிடர் எச்சரிக்கப்பட்டு விடுவிக்கப்பட்டார். நடிகரின் செய்தியைப் படித்தவர்கள் வியந்தார்கள், சோதிடரின் செய்தியைப் படித்தவர்கள் சிரித்தார்கள். தலைமுறை தலைமுறையாகக் கிளிக்கூண்டைச் சுமந்து பிழைத்த குடும்பத்துக்கு அதன்பின் என்ன வழி என்று கேட்டவர்கள் குறைவு.

சட்டத்துக்கு அஞ்சியோ மனம் உறுத்தியோ கூண்டின் கதவைத் திறந்துவிடுவது அறமாகாது. இறகு கத்தரிக்கப்பட்ட, மார்பு வெறுமையான, தானே உணவு தேடி அறியாத கிளி, பொழுது சாய்வதற்குள் பூனைக்கோ காகத்துக்கோ வல்லூறுக்கோ இரையாகும். திறந்துவிட்டவருக்கு மனச்சுமை குறைந்திருக்கும், அவ்வளவுதான். அசிசி நகரத்துப் புனித பிரான்சிசைப் பற்றிய பழங்கதை ஒன்றில், புறாக்களைப் பிடித்து விற்கக் கொண்டுபோகும் இளைஞனிடம் அவர் அவற்றைக் கேட்டுப் பெறுகிறார். அக்கதையில் நாம் பெரும்பாலும் கவனிக்காமல் விடும் பகுதி அடுத்து வருகிறது. பெற்றவுடன் அவர் அவற்றைப் பறக்கவிட்டுவிடவில்லை. அவற்றுக்குக் கூடு அமைத்துக் கொடுக்கிறார். அவை அங்கே முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துச் சகோதரர்களோடு வாழ்கின்றன. விடுதலைக்கும் கைகழுவலுக்கும் உள்ள வேறுபாடு அந்தக் கூடுகளில் இருக்கிறது.

ஆகவே செய்யத்தக்கது மெதுவானது. நாட்டுக் கிளியாயின் வனச்சரக அலுவலகத்துக்குச் செய்தி சொல்லி ஒப்படைக்க வேண்டும். இறகு வளர்ந்து பறக்கத் தகுதி பெறுமா, வாழ்நாள் முழுவதும் பராமரிப்பில் இருக்க வேண்டுமா என்பதை அறிந்தவர்கள் முடிவு செய்யட்டும். பலமுறை பிடுங்கப்பட்ட குழியில் இறகு மீண்டும் முளைக்காமலே போவதும் உண்டு. சட்டப்படி வைத்திருக்கத்தக்க வெளிநாட்டுக் கிளியாயின், வைத்திருப்பவர் தம் வீட்டை மாற்றிக்கொள்ள வேண்டும். விதைக் கிண்ணத்துக்குப் பதிலாக உரிக்காத வேர்க்கடலை, தோலோடு கூடிய பட்டாணி, முருங்கைக்கீரைக் கொத்து, காய்ந்த சோளத்தட்டைக்குள் ஒளித்து வைத்த தீனி. கடிக்க வேப்பங்கொப்பு. காலையில் இளவெயிலும் நீர்த்தெளிப்பும். பிடுங்கும்போது கத்தாமலிருத்தல் மிக முக்கியம். தனிமையில் வாடும் கிளிக்குத் திட்டும் ஒரு துணையாகவே படும், அதைப் பெறவே மீண்டும் பிடுங்கும். ஒரு கிளியின் துயர் தீர இன்னொரு கிளியை வாங்கி அடைப்பது பெரும்பாலும் துயரை இரட்டிப்பாக்குவதாகவே முடிகிறது. கூண்டு காலியான பின் அதே கூண்டுக்குப் புதுக்குஞ்சு தேடாமலிருத்தல் எல்லாவற்றிலும் கடினம்.

அந்தக் காலிக்கூண்டின் கீழேதான் நம் மூதாட்டி அமர்ந்திருக்கிறார். கிளியை ஒப்படைக்கும்படி அவரிடம் எடுத்துரைக்கப் போகிறவர், அதற்கு மறுநாள் மாலையும் அதே திண்ணைக்குப் போக நேரம் ஒதுக்கிக்கொண்டு போகட்டும். மகனுக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். அன்பியக் கூட்டத்தை இந்த மாதம் எவர் வீட்டில் வைப்பது என்று பேசும்போது, பெரிய கூடமுள்ள வீடுகளின் பெயர்களே வழக்கமாக எழுகின்றன. அவர் வீட்டில் கூடம் இல்லை, திண்ணைதான் உண்டு. பத்துப் பேர் நெருங்கி உட்காரலாம்.